அப்பாவின் தடைகளும் என் ஈக்களும்

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படித்தபோது ஓர் அறிவித்தல் வந்தது. நகர நடுவிலுள்ள ஆஸ்பத்திரி ஒன்றின் ஆய்வுகூடத்தில் கோடை முழுவதும் சம்பளத்தோடு ஆராய்ச்சி பழகலாம். அந்தத் துறையில் அதிகம் காணப்படாத சமூகங்களின் பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கிய இடங்கள். கடந்துவந்த தடைகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதவேண்டும் என்றிருந்தது.

எனக்குப் பத்தொன்பது வயது. பெரிய தடை எதையும் கடந்ததாக நினைவில்லை. ஆகவே அப்பாவின் தடைகளை எடுத்துக்கொண்டேன். போர், அகதி விண்ணப்பம், தொழிற்சாலையில் இரண்டு ஷிஃப்ட் எல்லாவற்றையும் எழுதினேன். நான் பிறந்த காலத்தில் நாங்கள் வாடகைக்கிருந்த நிலக்கீழ் பேஸ்மென்ற், என் கட்டுரையின் மூன்றாம் பந்தியில் வெள்ளத்தில் மூழ்கியது.

அச்செடுத்து வைத்ததை அப்பா கண்டுவிட்டார். ஆறுதலாக, ஒவ்வொரு வரியாக முழுவதும் வாசித்தார்.

"பேஸ்மென்ற்றுக்கை எப்ப வெள்ளம் வந்தது?"

"தண்ணி வந்தது எண்டு அம்மா சொன்னவா."

"அது வோஷிங் மெஷின் பைப் கழண்டது. அண்டைக்கே திருப்பிப் பூட்டினனான்."

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அம்மாவின் குரல் வந்தது. "எங்களை ஏன் இவ்வளவு பாவமாக்கி வச்சிருக்கிறாள்?"

அப்பா கடுதாசியைத் திருப்பித் தந்தார். "எல்லாம் சரி. இதில நீ எங்கை?"

இரண்டு நாள் முகத்தை நீட்டிக்கொண்டு திரிந்துவிட்டு மீண்டும் எழுதினேன். ஆராய்ச்சி செய்கிற ஒருவரையும் எனக்குத் தெரியாது, எங்கள் மில்லிக்கன் தெருவில் யாருக்கும் தெரியாது, அவர்கள் நாள் முழுக்க என்னதான் செய்கிறார்கள் என்று பார்க்க ஆசை என்று எழுதினேன். இடம் கிடைத்தது.

அவர்கள் நாள் முழுக்க ஈ பார்த்தார்கள். வாழைப்பழத்தில் மொய்க்கிற சின்ன ஈ. தசை பலவீனமாகிற பரம்பரை நோய் ஒன்றை அந்த ஈக்களில் உண்டாக்கி, மருந்து கொடுத்து, கண்ணாடிக் குழாயில் எவ்வளவு உயரம் ஏறுகின்றன என்று பார்ப்பது. ஈக்களை வாயு கொடுத்து மயக்கி, ஆணையும் பெண்ணையும் தூரிகையால் பிரிப்பது என் வேலை.

அம்மா இந்த விபரங்களை விட்டுவிட்டு, நான் ஆஸ்பத்திரியில் வேலை என்று மட்டும் ஊருக்குச் சொன்னார். றிச்மண்ட் ஹில் கோயிலில் ஓர் அங்கிள் வேட்டியை முழங்கால்வரை உயர்த்தினார்.

"பிள்ளை, இதை ஒருக்காப் பாரும்."

"அங்கிள், நான் ஈயின்ர கால்தான் பாக்கிறனான்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அதுக்கும் நோகுமோ?"

"தெரியேல்லை அங்கிள். ஆனா ஏற மாட்டுதுகள்."

"எனக்கும் உந்தப் படி ஏறேலாமல்தான் கிடக்கு" என்று ஈக்கள் பக்கம் சேர்ந்துகொண்டு வேட்டியை இறக்கினார்.

நான்காம் வாரம், வாயுவை நிறுத்த மறந்து தேநீர் குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது மூன்று வாரம் வளர்த்த ஈக்கள் ஒன்றும் எழும்பவில்லை. எனக்கு வேலை பழக்கிய ஆராய்ச்சி மாணவியிடம், அழாமல் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டே போய் அழுதேன். அவள் தன் பழைய குறிப்புப் புத்தகத்தைத் திறந்து காட்டினாள். முதலாம் வருடத்தில் ஐந்து இடங்களில் 'எல்லாம் செத்துவிட்டன' என்று எழுதியிருந்தாள். பிறகு இரண்டுபேருமாகப் புதிதாகத் தொடங்கினோம். வீட்டில் ஈயைக் கண்டால் துணியோடு துரத்துகிற அம்மா, "அவ்வளவும் போச்சுதோ, பாவம்" என்று அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை.

ஓகஸ்ற் மாதம், செய்ததைப் பெரிய தாளில் அச்சடித்து எல்லோருக்கும் விளக்குகிற நாள் வந்தது. அம்மாவும் அப்பாவும் கலியாணத்துக்குப் போகிற உடுப்பில் வந்தார்கள். மருந்து கொடுத்த ஈயும் கொடுக்காத ஈயும் ஒரே உயரம்தான் ஏறின என்று தமிழில் சொன்னேன். அப்பா சுற்றிப் பார்த்துவிட்டு, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, "அதை ஏன் பெரிசா எழுதி ஒட்டி வச்சிருக்கிறாய்?" என்றார்.

திரும்பும் வழியில், கார் நெடுஞ்சாலையில் ஏறியதும் அப்பா கேட்டார்.

"அடுத்த வருசமும் கேட்டவையோ?"

"ஓம். போகப்போறன்."

"அப்ப வேற மருந்து ஒண்டு பாருங்கோ."

பார்த்தோம். அதுவும் வேலை செய்யவில்லை. இப்போது மூன்றாவது மருந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம்.