ஜிப்பக்காவின் முதல் ஆர்டர்

மாத்திரைப் பை நான்கு மணிக்கு வேண்டும். தெருமுனையில் ரத்தப் பரிசோதனை லேப் வைத்திருக்கும் லேப்காரம்மாவின் தாயார் ஐந்து மணி பஸ்ஸில் தனியாகப் போகிறார். எந்த மாத்திரையை எப்போது போடுவது என்று மகள் கைப்பட எழுதித் தந்ததை, அச்சுக்கடையில் அப்படியே துணியில் ஏற்றியாயிற்று. அதற்குக் கீழே மகளின் போன் நம்பரைச் சிவப்பு நூலில் எம்பிராய்டரி போட்டு முடித்தாள் ஜிப்பக்கா.

தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் ஜிப் மட்டுமே தைத்ததால் வந்த பெயர் அது. வேலையை விட்டு வீட்டில் மிஷின் போட்டபின் வந்த முதல் ஆர்டர் இது. சொதப்பினால் இரண்டாவது வராது.

காலையிலேயே புருஷனிடம் ஒரு பாட்டம் சண்டை. மெக்கானிக் மனுஷன். இழுத்து விட்ட இடத்திலேயே நிற்கும் பூட்டு ரன்னர் உள்ள ஜிப் வாங்கி வரச் சொன்னால், தொட்டாலே வழுக்கி ஓடும் சாதா ரன்னரை வாங்கி வந்திருந்தார்.

“பிரேக் இல்லாத வண்டிய நீங்க ஓட்டுவீங்களா?”

“பைதானே, மேட்டுலேர்ந்தா இறங்கப்போகுது?”

வேறு வழியில்லாமல் அதையே வைத்தாள். உள்துணியும் சேர்த்து, உட்பக்கம் வெளியே வரப் போட்டுச் சுற்றிலும் தைத்து, ஓரத்தை ஒட்ட நறுக்கினாள். பையைப் புரட்ட உள்துணியில் மூன்று விரல் அகலம் சந்து விட்டிருந்தாள். அதில் விரலை விட்டபோதுதான் திக்கென்றது. ஜிப் மூடிக் கிடந்தது. அது திறந்திருந்தால்தான் பை புரளும்.

எல்லாம் தொழிற்சாலைப் பழக்கம். ஜிப்பை மூடாமல் அடுத்த மேஜைக்குத் தள்ளினால் சூப்பர்வைசர் கத்துவார். அந்த ஆள் இங்கே இல்லை என்பது கைக்குத் தெரியவில்லை.

பிரித்துத் தைக்க ஓரத்தில் துணி மிச்சமில்லை. அச்சுக்கடை இன்று விடுமுறை. மணி மூன்றேகால்.

“என்ன, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே?” என்றார் சாப்பிட வந்த புருஷன்.

சொன்னாள்.

“உள்ளேர்ந்து ரன்னரத் தள்ளிப் பாரேன்.”

“பூட்டு ரன்னர் அப்படியெல்லாம்...” என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். இதில்தான் பூட்டு இல்லையே. சந்து வழியே இரண்டு விரலை விட்டு, ஜிப்பின் முதுகில் ரன்னரைத் தடவிப் பிடித்து நகத்தால் நெம்பினாள். சர்ரென்று ஓடியது.

போன உயிர் திரும்பி வந்தது. பையைப் புரட்டினாள், கையெழுத்தும் சிவப்பு நம்பரும் பளிச்சென்று நின்றன.

“ஒண்ணும் சொல்லாதீங்க,” என்றாள்.

அவர் தட்டைப் பார்த்துச் சிரித்தார்.

உள்துணியில் விட்ட சந்தைத் தைத்து அடைத்து முடிக்கவும் தாயாரே வாசலில் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. அவருக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கியிருந்தது. ஒற்றை விரலால் ஜிப்பை இழுத்தார், மூடினார், மறுபடி இழுத்தார்.

“என் கைக்கு எந்த ஜிப்பும் மசியாதும்மா. இது மட்டும் எப்படி இவ்வளவு லேசா வருது?”

“பாத்துப் பாத்து வாங்கினதும்மா,” என்றாள் ஜிப்பக்கா.

உள்ளேயிருந்து ஒரு இருமல் கேட்டது.