சீமைப் பெட்டியின் பலகைகள்

திருவொற்றியூர்த் தொழிற்சாலை ஒன்றில் லாரிச் சரக்கு இறக்குகிறேன். சீமையில் கூலி அதிகமென்று அங்கே ஆலையை மூடி, இயந்திரத்தை மரப்பெட்டியில் இங்கே அனுப்பியிருக்கிறார்கள். பெட்டியைப் பிரித்ததும், தொழிலாளி அந்தோணி வழக்கம்போல் வீட்டுக் கூரைக்கென்று பலகைகளை ஒதுக்குகிறார். மேஸ்திரி தடுக்கிறார்.

"தொடாதேடா. பலகை, ஆணி எல்லாம் ஷெட்டுக்குப் போவட்டும். தொரை ஆர்டர்."

"மிஷினு வந்துடுச்சே நைனா, காலிப் பொட்டி இன்னாத்துக்கு?"

"நீங்கோ சங்கம், கொடின்னு குதிச்சா மிஷின இதுலயே வேற தேசத்துக்கு ஏத்தி அனுப்பத்தான்."

அந்தோணி பலகைகளை ஷெட்டில் அடுக்குகிறார்.

"ஞாயிற்றுக்கிழமை சங்கக் கொடி ஏத்தப் போறதாச் சொன்னீங்களே?" என்கிறேன்.

"ஏத்துவோம் மாமு. அப்பால இந்தப் பொட்டிக்கு ஆணி அடிக்கவும் நம்மளத்தான் கூப்டுவானுங்கோ."