கன்னத்தில் இருந்து உதிர்ந்த தூள்

எண்பதுகளில் ஒரு நாள் மாலை நாலேகாலுக்கு, லண்டன் கோலியர்ஸ் வுட்டில் இருந்த எங்கள் வீட்டில் என் கணவர் சாமிப் படம் மாட்ட ஆணி அடித்தார். அதே சுவரில், பக்கத்து வீட்டு வெள்ளைக்கார மூதாட்டி எங்கள் மகளின் ஓவியப் பாடத்துக்கு இரவல் தந்த படம் தொங்கியது. சிறுமியாக இருந்த அந்த மூதாட்டியை அவருடைய பெரியம்மா பாஸ்டல் என்னும் வண்ணத்தூள் குச்சிகளால் வரைந்தது. பிள்ளைகள் அசைந்துகொண்டே இருப்பார்கள் என்று அந்தப் பெரியம்மா ஒரே இருப்பில் முகத்தை முடித்துவிடுவாராம். நிறம் மங்கும் என்று தூளைப் பிடித்து நிறுத்தும் பசை எதுவும் மேலே தெளிக்கமாட்டாராம். அதனால்தானோ என்னவோ, அந்தக் கன்னம் இப்போதுதான் ஓடி வந்த பிள்ளையின் கன்னம்போல் சிவந்திருக்கும்.

மூன்றாவது அடியில் அந்தச் சிவப்பு படத்தின் கண்ணாடிக்குள் தூளாக உதிர்ந்தது.

"ஒரு ஆணிதானே அடிச்சனான்," என்றார் கணவர்.

"ஓம் அப்பா, சுவரையே இடிச்சிருக்கலாம்." மகள் அழுதுகொண்டே மூதாட்டியைக் கூப்பிடப் போனாள்.



மூதாட்டி வந்து குனிந்து பார்த்தார்.

"என் கன்னத்துச் சிவப்பும் போய்க் கனகாலம். பெரியம்மா கண்ணைத்தான் அழுத்தி வரைவார், அது அப்படியே இருக்கிறது. சாமியை மட்டும் வேறு சுவரில் மாட்டுங்கள்," என்றார்.