பிரேக்குக்கு அடியில் தேங்காய் மூடி

ஆவடியில் இருக்கும் எங்களுக்குப் போன மாதம்தான் முதல் கார் வந்தது. குறைந்த விலைக்குக் கிடைத்த பழைய செடான். மகள் அகிலா தினமும் வேலைக்குப் போய்வர வாங்கினோம். மாங்காடு அம்மன் கோயிலில் பூஜை போட்டுவிட்டு, அவள் ஓட்ட நான் பக்கத்தில் உட்கார்ந்து திரும்பியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. பின்சீட்டில் ஆளில்லாவிட்டாலும் திரும்பித் திரும்பி அழகு பார்த்தேன்.

கிளம்பும்போது பிரசாதப் பையை அகிலா என் காலருகே வைக்கப் போனாள்.

"சாமி பிரசாதத்தைக் காலடியில வைப்பாங்களாடி?" என்று வாங்கி டேஷ்போர்டு மேல் வைத்தேன்.

பூந்தமல்லி அருகே கார் இடதுபுறம் திரும்பியது. பை சரிந்து, தேங்காய் மூடி ஒன்று அவள் பக்கம் உருண்டு விழுந்தது. எதிரே ஷேர் ஆட்டோ ஒன்று ஆள் ஏற்றிக்கொண்டு நின்றது.

"அம்மா, பிரேக் அமுங்க மாட்டேங்குது. ஹேண்ட் பிரேக்க இழு."

இரண்டு கையாலும் இழுத்தேன். ஆட்டோவைத் தொடாத குறையாகக் கார் நின்றது. பிரேக்குக்கு அடியில் தேங்காய் மூடி செருகியிருந்தது. அதை நான் வெளியே எடுப்பதைப் பார்த்த ஆட்டோக்காரர், "இன்னாம்மா, என் வண்டி மேலயா தேங்கா ஒடைக்க வந்தீங்க?" என்றார்.

இப்போதெல்லாம் பிரசாதம் டிக்கியில்தான் வருகிறது. தினமும் கார் கிளம்பும்முன் குனிந்து அகிலாவின் காலடியைப் பார்க்கிறேன்.

"பாக்கறவங்க, நீ என் கால்ல விழறதா நினைக்கப் போறாங்கம்மா" என்கிறாள்.

நினைத்தால் நினைக்கட்டும். பார்த்த பிறகுதான் கதவைச் சாத்துகிறேன்.