கறிவேப்பிலை வரைக்கும் தண்ணீர்

தங்கையோடு பகை, அதனால்தான் விஸ்வநாதன் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை என்று தில்லியில் முனிர்க்கா பேட்டை முழுக்கப் பேசினார்களே, அதில் ஒரு சொல்கூட உண்மையில்லை. பகையெல்லாம் தண்ணீர்க் குழாயோடுதான்.

பஸ் கண்டக்டர் ஒருமுறை "ஜல்தி" என்று அதட்டினான் என்பதற்காக, ஓய்வு பெறும்வரை ஆபீசுக்கு நடந்தே போனவன் அவன். அப்படிப்பட்டவன் பர்சாத்தி என்கிற மொட்டைமாடி ஒற்றை அறையில் குடியிருந்துகொண்டு தோட்டம் போட்டான். தொட்டி இந்த மூலையில், கறிவேப்பிலை அந்த மூலையில். நடுவே முக்கால் அங்குலக் குழாய், செடிக்கொரு துளை. தண்ணீர் பாதிச் செடிகளைத் தாண்டவில்லை.

"குழாய் வாயைக் கட்டைவிரலால அமுக்குனா தண்ணி பீச்சுதுல்லா? அப்போ குழாயே சன்னமா இருந்தா?" என்று மனைவி காந்திமதியிடம் கேட்டான்.

"எனக்கென்னமோ சரியாப் படல."

அது போதாதா? கடைசிச் செடிக்குத் தண்ணீர் போகாமல் மாடிப்படி இறங்க மாட்டேன் என்று சபதம் செய்துவிட்டான். தங்கை மகள் இந்துஜாவுக்குக் கல்யாணம் என்பதும், தாய்மாமன்தான் மாலை எடுத்துக்கொடுக்க வேண்டும் என்பதும் அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தன. ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

அரை அங்குலம் போட்டான். தண்ணீர் துளசியோடு நின்றது. கால் அங்குலம் போட்டான். தொட்டியை ஒட்டிய ரோஜாவே நனையவில்லை.

"அங்கிள், இதைவிடச் சன்னம்னா மீன்தொட்டிக்குப் போடுறதுதான் இருக்கு," என்றான் தெருமுனைக் குழாய்க் கடைக்கார இஸ்மாயில்.

"அதையே கொண்டா."

அதில் ஒரு சொட்டுகூட வரவில்லை. கல்யாணத்தன்று காலையில் தங்கை போனில் அழுதாள். "அண்ணன் வராம என் பிள்ளைக்கு மாலை ஏறாது மதினி."

காந்திமதி வாதம் செய்யவில்லை. இறங்குவதில்லை என்றாலும் கல்யாண நாளாயிற்றே என்று அவன் சவரம், குளியல் என உள்ளே இருந்தபோது இஸ்மாயிலை வரவழைத்து, ஒன்றரை அங்குலக் குழாயை மாட்டிச் சின்னத் துளைகளாகப் போடச் சொன்னாள். அவன் பட்டு வேட்டியோடு வெளியே வந்தபோது கறிவேப்பிலை தண்ணீரில் நின்றது.

"கட்டைவிரல வாயில மட்டும்லா வைக்கணும்? நீங்க குழாய் நீளத்துக்கும் வெச்சிருந்தீங்க. தண்ணி உரசி உரசியே களைச்சுப் போச்சு," என்றாள் காந்திமதி.

அவன் தண்ணீரில் கால் வைத்து நின்று கடைசித் துளையைத் தொட்டுப் பார்த்தான்.

"நானும் துளையைத்தான் சன்னம்னு சொன்னேன். நீதான் காதுல வாங்கல."

"சரிங்க. முகூர்த்தத்துக்கு நேரமாச்சு."

கீழ்வீட்டார் எல்லாரும் வேடிக்கை பார்க்க வாசலுக்கு வந்துவிட்டார்கள். விஸ்வநாதன் ஒருவர் முகத்தையும் பார்க்காமல், சீர்த்தட்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஈரக்காலோடு கதவைத் தாண்டித் தெருவில் இறங்கினான்.