பன்னிரண்டு வோல்ட் போன இடம்

மகதலேனா பதினெட்டு வருஷமாகப் பிரிக்ஃபீல்ட்ஸில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவள். கேஷியர் வேலையை உதறிவிட்டு ஸ்க்ரூடிரைவரைப் பிடித்தபோது, "பொம்பளைக்கு எதுக்குடி இந்த வேல" என்று சொந்தக்காரர்கள் பிடுங்கி எடுத்தார்கள். அவர்கள் வாயை அடைத்துக் காட்டினாள். அந்தக் கெட்டிக்காரிதான் இன்று காலை அரிச்சுவடியில் கோட்டை விட்டிருந்தாள்.

தங்கமணி அக்காவின் கம்ப்யூட்டரில் பவர் சப்ளை பெட்டி செத்திருந்தது. புதிய பெட்டியை மாட்டினாள். ஹார்ட் டிஸ்க்குக்குப் போகிற பழைய கேபிளை மட்டும் பிரிக்கச் சோம்பல். முனை பொருந்தியது, செருகிவிட்டாள். பொருந்துவதெல்லாம் ஒன்றாகிவிடுமா? சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை அந்தப் பெட்டி குறைத்துப் பிரித்துக் கொடுக்கிறது. டிஸ்க்கைச் சுழற்றும் மோட்டாருக்கும் காற்றாடிக்கும் பன்னிரண்டு வோல்ட், டிஸ்க்கின் மின்பலகைக்கு ஐந்து, இன்னும் நுட்பமான சில்லுகளுக்கு மூன்று சொச்சம். பெட்டியின் எந்தத் துளையில் எது வரும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஐந்து போகவேண்டிய கம்பியில் பன்னிரண்டு போனது. கைக்குழந்தை வாயில் பிரியாணியைத் திணித்த கதைதான். கருகிய வாடை வந்தது, டிஸ்க் அடங்கிவிட்டது.

வேறு டிஸ்க்காக இருந்தால் புதிது வாங்கிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டிருப்பாள். தங்கமணி அக்கா அடையாள அட்டை இல்லாதவர்களுக்கு மனு எழுதித் தருகிறவர். பிறப்புப் பத்திரம் இல்லாத பிரவின் என்பவனுக்காக, அவனைப் பிரசவம் பார்த்த மருத்துவச்சி பேசிய வீடியோ இதில் மட்டும்தான் இருக்கிறது. அந்த அம்மாள் போன மாதம் இறந்துவிட்டாள். நாளை மறுநாள் அவனுடைய குடியுரிமை மனுமேல் விசாரணை.

மீட்டரை வைத்துப் பார்த்தாள். ஐந்து வோல்ட் வழியில் காவலுக்கு இருந்த டயோடு போயிருந்தது. வோல்ட் எகிறினால் தான் செத்து மற்றதைக் காக்கிற பொடிச் சாமான் அது. செத்த பிறகும் வழியை மறித்துக்கொண்டு கிடக்கும்; கழற்றிவிட்டால் டிஸ்க் பிழைக்கலாம். ஒரேயடியாகப் போய்ச் சேரவும் செய்யலாம். சொல்லாமல் கழற்றிவிட்டால்? பிழைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அப்படி நினைத்ததே அவளுக்கு அசிங்கமாக இருந்தது. போனை எடுத்தாள்.

தங்கமணி, பிரவினையும் கூட்டிக்கொண்டு ஓடிவந்தார். அவனுக்கு இருபத்தாறு வயது, கிள்ளானில் லோரிக்கு மூட்டை ஏற்றுகிறவன்.

"அக்கா, தப்பு என்னோடது. பழைய கேபிள மாட்டிட்டேன். கருகிப்போன இந்த டயோட கழட்டினா டிஸ்க்குக்கு உயிர் வரலாம், வராமலும் போகலாம். நீங்க சொன்னாத்தான் கை வைப்பேன்."

"ஒரு காப்பி எடுத்து வைக்காம விட்டுட்டேனே!" தங்கமணி தலையில் அடித்துக்கொண்டார். "பிரவின், இது ஒன் விஷயம். நீயே சொல்லுப்பா."

அவன் டிஸ்க்கையே பார்த்தான். "செய்ங்க லா அக்கா. இப்பவும் எங்கிட்ட ஒண்ணும் இல்லதானே."

டயோடு கழன்றது. புதிய பெட்டியோடு வந்த கேபிளை மீட்டரில் இரண்டு தடவை அளந்து பார்த்துச் செருகினாள். சுவிட்சைப் போட்டாள். சத்தமே இல்லை. மாதாவைக் கூப்பிட்டாள். பிறகு டிஸ்க் மெல்ல இரைந்தது.

முதலில் வீடியோவைப் பென் டிரைவில் நகலெடுத்தாள். அப்புறம்தான் திறந்தாள். திரையில் அந்த அம்மாள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பேசினாள்.

"காப்பார்லதான் பொறந்தான். தொப்புள்கொடிய நாந்தான் அறுத்தேன். இவன் இந்த ஊரு புள்ள இல்லன்னா வேற எந்த ஊரு புள்ள?"

பிரவின் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். அழுது முடித்துவிட்டு, "இன்னொரு வாட்டி போடுங்க அக்கா" என்றான்.