அண்ணனுக்கு முடியெடுத்த நாள்

குலசாமி கோயிலில் என் அண்ணனுக்கு முடியெடுத்த நாளை நான் மறந்தே போயிருந்தேன். போன மாதம் தர்மபுரியில் ஒரு சின்ன அறைக்குள் உட்கார்ந்திருந்தபோது அது திரும்பி வந்தது.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இன்றைக்கு இண்டூர் பக்கம் யாரைக் கேட்டாலும் என் தக்காளி லாரிகளைச் சொல்வார்கள். மெக்கானிக்குகள் கைவிட்ட வண்டியைக்கூட ஓட வைத்தவன். எதையும் பார்த்து வாயைப் பிளக்கிற ஆள் இல்லை.

என் மகளுடைய பையனுக்கு ஆறு வயது. ஆட்டிசம் என்கிறார்கள். பேச்சு வரவில்லை. தலையில் யாரையும் கை வைக்க விடமாட்டான். முடி சடை விழுந்து உள்ளே புண்ணாகிவிட்டது. அவனுக்குப் பயிற்சி கொடுக்கிற இடத்துக்கு மகளோடு போனேன்.

"நான் ஒரு அமுக்கு அமுக்கறேன். நீ சட்டுனு வெட்டிடும்மா," என்றேன் அங்கிருந்த பெண்ணிடம்.

"வேணாங்க ஐயா. அமுக்குனா பயம்தாங்க மனசுல தங்கும்."

முதலில் முடிவெட்டும் மெஷினை ஓடவிடாமல் மேசைமேல் வைத்தாள், அவ்வளவுதான். பிறகு பக்கத்து அறையில் ஓடவிட்டாள். பிறகு அவன் முழங்கையில், தோளில். ஒவ்வொரு படியையும் அவன் தாண்டியதும் பரிசாக, அவனுக்குப் பிடித்த எவர்சில்வர் மூடியைத் தரையில் சுற்றவிட்டு விளையாடலாம். வாரக்கணக்கில் இதே வேலை. இத்தனைக்கும் முன்னால் அவனுக்கு ஒன்றைப் பழக்கியிருந்தார்கள்: உள்ளங்கையைத் தூக்கினால் 'போதும்' என்று அர்த்தம்.

"தூக்கிக்கிட்டே இருந்தான்னா எப்பம்மா வெட்டறது?"

"நிறுத்துவாங்கன்னு நம்பிக்கை வந்தாத்தாங்க உக்காருவான்."

போன மாதம் மெஷின் அவன் காதோரம் வந்தது. பேரன் கையைத் தூக்கினான். சத்தம் நின்றது. மெஷினையே பார்த்தான். கை இறங்கியது, மெஷின் ஓடியது. மறுபடி தூக்கினான், மறுபடி நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, யாரும் சொல்லாமல், தானாகவே தலையைக் குனிந்து கொடுத்தான்.

தொப்பூர் கணவாயில் லோடு லாரியை அசராமல் இறக்குகிற நான் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் அண்ணன் ஞாபகம் வந்தது.

அவனுக்கு அன்றைக்கு ஒன்பது வயது, எனக்கு ஏழு. அவனும் இப்படித்தான். நாள் முழுக்கப் புளியங்கொட்டைகளை வரிசையாக அடுக்குவான், கூப்பிட்டால் திரும்பமாட்டான். முடியைக் கொடுத்தால் பையன் வாயைத் திறப்பான் என்று அம்மா வேண்டிக்கொண்டிருந்தார். கிடாவும் பொங்கல் பானையுமாக வண்டி கட்டிப் போனோம்.

முதலில் எனக்கு மொட்டை. நான் துளி அசையவில்லை, முடியெடுப்பவரே மெச்சினார். அடுத்து அண்ணன். தலையில் தண்ணீர் பட்டதற்கே துள்ளிக் கத்தினான்.

"காலைப் புடிங்கடா! புடிச்சாத்தான் ஆவும்," என்றார் பெரியப்பா.

"மாமா, பாத்துங்க, கத்தி பட்டுரப் போவுது," என்று அம்மா பெரியப்பாவிடம் அழுதார்.

அப்பா, பெரியப்பா, தாய்மாமன் என்று ஆளுக்கொரு பக்கம் அமுக்கினார்கள். அண்ணன் எப்படியோ கையை உருவி உச்சந்தலையில் கவிழ்த்துக்கொண்டான். பிடுங்கினார்கள். மறுபடியும் கவிழ்த்துக்கொண்டான். அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளினான். அதையும் மடக்கினார்கள். ஒருவழியாக மொட்டை விழுந்தது.

பெரியப்பா வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவன் தலையில் சந்தனம் பூசினார். "வேண்டுதல் தீந்துது. இனி பேசுவான் பாரு."

எல்லோரும் அவனைச் சுற்றி நின்றோம். முதல் வார்த்தை என் காதில்தான் விழ வேண்டும் என்று நான் பொங்கலைக்கூடத் தொடாமல் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை அவன் கையால் சொன்னதெல்லாம் பேச்சுத்தான் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.